பருந்தின் முதுகு

சீகூ, தைனான்
அக்டோபர் 3

அன்புள்ள சியூகிம் அத்தைக்கு,

யுன்ரூ எழுதுகிறேன். கீலுங்கில் மழை விட்டதா? மூட்டுவலி மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா? இங்கே அப்பா, அம்மா, நாய் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு மட்டும் இடது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறார்.

நேற்று காலை கரண்டிவாயன்கள் வந்துவிட்டன. கடல் தாண்டி வந்த களைப்போடு பதினொரு பறவைகள், நம் மூன்றாவது குளத்துக்கு அப்பால் சேற்றில் நின்றன. அப்பா வலையை அலசிக்கொண்டே, "வாடகை குடுக்காத குடித்தனக்காரங்க வந்தாச்சு" என்றார்.

நான் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. முழங்கால் போனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற சின்ன நிறுவனம். ஒரு வேன், நான்கு ஊழியர்கள். போன வாரம் எங்கள் முதலாளி பாய் அம்மா கூப்பிட்டு, "நீ மீன்குளத்துப் பொண்ணுதானே? இந்தக் குளிர்காலத்துக்குப் பறவை பாக்குற பயணம் ஒண்ணு தயார் பண்ணு. நீயே கூட்டிட்டுப் போ, நீயே பேசு" என்றார். கடைசி இரண்டு சொற்களைக் கேட்டதும் எனக்குக் காது சுட்டது. கல்லூரியில் நான்கு வருடத்தில் வகுப்பில் நான் வாய் திறந்தது மூன்று முறை. அதில் ஒன்று தும்மல்.

அப்பா சிரித்தார். "நம்ம வம்சத்துலயே மொத பட்டதாரி, கொக்கு மேய்க்கப் போகுது."

அத்தை, பிப்ரவரி கடைசியில் முதல் பயணம். மார்ச்சில் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும். நீங்கள் என் முதல் விருந்தாளியாக வர வேண்டும். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எதிரில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சு வரும். இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் "என்னது? என்னது?" என்பீர்கள், நான் ஊமையாகி நிற்பேன். நமக்குக் கடிதம்தான் சரி.

பதிலை எதிர்பார்த்து,
யுன்ரூ

*

கீலுங்
அக்டோபர் 19

யுன்ரூவுக்கு அத்தையின் ஆசிகள்.

கீலுங்கில் மழை விட்டதா என்று கேட்பது, கடலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போல. சுவரெல்லாம் வியர்க்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அத்தான் கப்பலில் பனாமா பக்கம் போயிருக்கிறான், அவனும் நலம். உன் அப்பனின் தோளுக்குச் சூடாக உப்பு ஒத்தடம் கொடு. சின்ன வயதிலும் அப்படித்தான், கால் உடைந்தாலும் இல்லை என்பான்.

நீ பேசுவாய். பேச்சு வராதவளா ஐந்து வயதில் வாத்துக் கூட்டத்துக்குப் பாடம் நடத்தினாய்?

எங்கள் துறைமுகத்திலும் பறவைக்குக் குறைவில்லை. இன்று பதினேழு பருந்துகள். தண்ணீருக்கு இறங்கி மீன் குடலைப் பற்றிக்கொண்டு எழும்போது முதுகைப் பார்க்க வேண்டுமே! காப்பித்தூளை அள்ளித் தூவினது போல ஒரு நிறம், இறக்கை மடிப்பில் வெளிறிய பட்டை. மூன்றாம் மாடி கான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். மாடிப்படித் திருப்பத்தில் அவனுடைய செருப்பு அலமாரியும் இருக்கிறது. அவனோடு பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது, உடம்புக்கு நல்லதுதான்.

பிப்ரவரியைப் பற்றி இப்போதே என்ன? மழை, ரயில், கூட்டம். பார்க்கலாம். காய்ந்த பால்கெண்டை இருந்தால் கொஞ்சம் அனுப்பு.

அத்தை

*

சீகூ
நவம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்குக் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே பகலில் இன்னும் வெயில்தான். பால்கெண்டையை நேற்று அஞ்சலில் போட்டேன். அப்பா தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன், "யாரு சொன்னா?" என்று கேட்டார். அத்தை என்றதும் அசையாமல் படுத்துக்கொண்டார்.

வேலை நடக்கிறது. சாலையை ஒட்டிய நம் ஐந்தாவது குளத்தின் கரைதான் இங்கே மிகச் சமமான இடம். வேன் கரைவரை வரும். மறைந்திருந்து பார்க்க மரப்பலகையில் ஒரு சுவர் அடித்திருக்கிறோம். மற்ற இடங்களில் இருக்கும் சுவர்களில் பார்வைத் துளை நிற்பவர்களின் கண் உயரத்தில் இருக்கும். நான் அதைத் தாழ்த்திவிட்டேன். வீட்டு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, அதில் உட்கார்ந்து, என் கண் எங்கே வருகிறதோ அங்கே அப்பாவை அறுக்கச் சொன்னேன். "இவ்வளவு கீழயா? நாய்க்கு ஜன்னல் வெக்கிறியா?" என்றார். ஆனால் ஓரங்களையெல்லாம் இழைத்துக் கொடுத்தார்.

இருபதாம் தேதி ஒத்திகை. பகல்நேர முதியோர் இல்லத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். பேச வேண்டியதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரிக்கு இன்னும் நீங்கள் சரி சொல்லவில்லை.

அன்புடன்,
யுன்ரூ

*

கீலுங்
நவம்பர் 11

யுன்ரூ,

எல்லோரும் நலம்தானே. மீன் வந்தது, ருசியாக இருந்தது. அவசரமாக எழுதுகிறேன், ஒத்திகைக்கு முன் கிடைக்க வேண்டும்.

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அளக்காதே. சக்கர நாற்காலியில் கால் வைக்கும் தட்டு முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். அது சுவரில் முட்டும். முட்டினால் மூக்குக்கும் துளைக்கும் நடுவில் ஒரு கை தூரம். அப்புறம் துளை எந்த உயரத்தில் இருந்து என்ன? சுவரின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிடு. கால் உள்ளே போகட்டும்.

பைனாகுலரைக் கையில் கொடுக்காதே, இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு நடுங்கும். முழங்கையை ஊன்ற ஒரு பலகை வை. கழிப்பறை எங்கே என்பதை முதல் வார்த்தையாகச் சொல். அது தெரியாதவரை யார் கண்ணுக்கும் பறவை தெரியாது.

பின்னால் நின்று தள்ளிக்கொண்டே பேசாதே. உட்கார்ந்திருப்பவளுக்கு அது யாரோ யாரிடமோ பேசுவது போல இருக்கும். முன்னால் வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்துப் பேசு.

அத்தை

*

சீகூ
நவம்பர் 30

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இதை வழக்கமாகக் கேட்பது போலக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் ஒத்திகைக்கு மறுநாள்தான் வந்தது. ஆகவே நடந்தது அப்படியே நீங்கள் சொன்னதுதான். நான்கு நாற்காலிகளும் டக் டக்கென்று சுவரில் முட்டி நின்றன. லாரி ஓட்டிக்கொண்டிருந்த லோ என்ற பெரியவர், "பொண்ணு, எனக்குப் பலகை ரொம்பத் தெளிவாத் தெரியுது. இது என்ன ஜாதிப் பலகை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பின்னால் நின்று ஏதோ பேசினேன். அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எதிரே இருந்த பறவைகளும் அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கின. லோ அவற்றையும் விடவில்லை. "இதுங்களும் நம்மள மாதிரி பென்ஷன்காரங்கதான் போல."

மறுநாளே அப்பா சுவரின் அடிப்பகுதியை அறுத்து எடுத்தார். முழங்கைப் பலகையும் வைத்துவிட்டோம்.

அத்தை, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். நீங்கள் மீன் உருண்டை விற்ற நாட்களிலிருந்து பருந்தைப் பற்றி எழுதாத கடிதம் இல்லை. எல்லாவற்றிலும் வயிறுதான்: பழுப்பு வயிறு, பிளந்த வால், இறக்கைக்கு அடியில் வெள்ளைத் திட்டு. துறைமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதுதான் தெரியும். இந்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் எழுதியதெல்லாம் முதுகு. பருந்தின் முதுகு உங்கள் நான்காம் மாடி ஜன்னலிலிருந்துதான் தெரியும். சந்தையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சக்கர நாற்காலியின் கால்தட்டு ஒரு சாண் நீளம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை, நீங்கள் கடைசியாக எப்போது கீழே இறங்கினீர்கள்?

உங்கள்
யுன்ரூ

*

சீகூ
டிசம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

நான்கு வாரமாக உங்கள் கடிதம் இல்லை. நான் கேட்டது தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம். மழையைப் பற்றி எழுதுங்கள், கானைத் திட்டி எழுதுங்கள், போதும்.

இங்கே எல்லோரும் நலம். கரண்டிவாயன்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. ஐந்தாவது குளத்தில் மீன் பிடித்து முடித்துவிட்டோம். வழக்கமாக அப்பா உடனே தண்ணீரை முழுதும் வடித்து, அடிமண்ணை வெயிலில் வெடிக்க விடுவார். நேற்று சாப்பிடும்போது, "ஏன் அவ கடுதாசி வரல?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். கஞ்சியை முழுதும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷம் அஞ்சாவது குளத்தைக் காய வெக்கல. கணுக்கால் தண்ணி நிக்கட்டும். பொடி மீனு மிச்சம் கெடக்கு, உன் கரண்டிக்காரங்க கிட்ட வருவாங்க. பிப்ரவரி முடியறவரைக்கும்தான், சொல்லிட்டேன்."

அப்படி விட்டால் வசந்தத்தில் மீன்குஞ்சு விடுவது ஒரு மாதம் தள்ளிப்போகும். அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள்
யுன்ரூ

*

கீலுங்
ஜனவரி 8

யுன்ரூவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். உன்னைப் படிக்க வைக்கச் சொல்லி உன் அப்பனோடு சண்டை போட்டவள் நான். அது எனக்கே வினையாக முடிந்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி சந்தையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு. ஆணி வைத்தார்கள். உனக்கு அப்போது கடிதம் தாமதமானதற்குப் பேனா தொலைந்தது என்று எழுதினேனே, அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்குள் கைப்பிடிச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை நடப்பேன். மற்ற நேரமெல்லாம் சக்கர நாற்காலி. காலையில் ஓர் உதவிப்பெண் வந்து சமைத்துவிட்டுப் போகிறாள். நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அதோடு சரி. ஒன்பது மாதம் ஆகிறது.

நகரசபையில் படி இறங்கும் இயந்திரம் இருக்கிறதாம். நாற்காலியோடு பட்டையில் உருண்டு, படிப்படியாக இறக்கும். செப்டம்பரில் ஓர் இளைஞன் வந்து அளந்தான். "எல்லாம் சரியா இருக்கு, அம்மா. மூணாவது மாடித் திருப்பத்துல மட்டும் அந்தச் செருப்பு அலமாரிய எடுத்துட்டா போதும். அது இருந்தா மிஷின் திரும்பாது" என்றான்.

அது கானுடைய அலமாரி. பதினோரு வருடத்துக்கு முன் படியில் அலமாரி வைக்கக் கூடாது என்று நான் கட்டடக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "உன் செருப்ப நீ தலையில வெச்சுக்கோ" என்றான். அவனிடம் போய் இப்போது எடு என்று கேட்பதா? இந்தப் படியில் நான் பார்த்தவரை தூக்கி இறக்கப்பட்டவை குளிர்பதனப் பெட்டியும் பிணமும்தான். நான் இரண்டும் இல்லை.

உன் அப்பனிடம் சொல்லாதே. அவன் தோளோடு கிளம்பி வந்து என்னை முதுகில் தூக்கப் பார்ப்பான். நீயும் வராதே. ஜன்னல் பெரிய ஜன்னல்தான்.

பறவைகளைப் பற்றி எழுது.

அத்தை

*

சீகூ
ஜனவரி 15

மதிப்புக்குரிய கான் ஐயா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தியின் கடிதம். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் என் வணக்கம். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் மேல்மாடி சியூகிம் அவர்களின் தம்பி மகள். தொலைபேசியில் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது. அதனால் எழுதுகிறேன். அத்தைக்கு இந்தக் கடிதம் எழுதுவது தெரியாது. தெரிந்தால் என்னோடும் பதினோரு வருடம் பேச மாட்டார்.

அவருக்கு ஏப்ரலில் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. பிப்ரவரி 22 அன்று அவரை ஊருக்கு அழைத்து வந்து கரண்டிவாயன்களைக் காட்ட விரும்புகிறேன். மார்ச்சில் பறவைகள் போய்விடும். அவரை இறக்கும் இயந்திரம் உங்கள் தளத்தில் திரும்புவதற்கு அலமாரி இருக்கும் இடம் தேவைப்படுகிறது. ஒரே ஒரு நாள் நகர்த்தினால் போதும். பிறகு நானே வந்து எல்லாச் செருப்புகளையும் இருந்த இடத்தில் அடுக்கிவிடுகிறேன்.

படித்ததற்கு நன்றி.

வணக்கத்துடன்,
தூ யுன்ரூ

*

கீலுங்
ஜனவரி 24

பெண்ணே,

உன் வணக்கம் கிடைத்தது. எனக்கு இரத்தக் கொதிப்பு, மற்றபடி நலம். உன் அத்தைக்கும் எழுதும் பழக்கம்தான். என்னைப் பற்றிக் கட்டடச் சங்கத்துக்கு இரண்டு பக்கம் எழுதினாள்.

ஏப்ரலிலிருந்து மேலே காலடிச் சத்தம் நின்றுபோயிற்று. அதுவரை தினமும் காலை நாலரைக்குச் சந்தைக்குக் கிளம்பித் தடதடவென்று நடப்பாள். எனக்கு அதுதான் கடிகாரம். சத்தம் நின்றதும், கடைசியில் எனக்குப் பணிந்து மெத்தைச் செருப்பு வாங்கிவிட்டாள் என நினைத்தேன். வெற்றி என்று என் மனைவியின் படத்துக்கு முன்னால் சொல்லவும் செய்தேன். ஒன்பது மாதம் ஒரு முட்டாள் வெற்றி கொண்டாடியிருக்கிறான்.

அலமாரியை நேற்றே பிரித்துப் போட்டுவிட்டேன். நீ வந்து செருப்பு அடுக்க வேண்டியதில்லை. நீ எழுதியதாக நான் சொல்ல மாட்டேன். கரையான் அரித்துவிட்டது, அதனால் போட்டேன் என்று சொல்வேன். நீயும் அப்படியே சொல்.

கான்

*

கீலுங்
பிப்ரவரி 5

யுன்ரூவுக்கு அத்தையின் சந்திரப் புத்தாண்டு ஆசிகள். வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

ஒரு விசித்திரம் கேள். திருப்பத்தில் அலமாரி இல்லை என்று உதவிப்பெண் வந்து சொன்னாள். நம்பவில்லை. நேற்று கதவு தட்டும் சத்தம். திறந்தால் கான், கையில் முள்ளங்கிப் பலகாரத் தட்டோடு நிற்கிறான். எனக்குத் தலை நரைத்ததைவிட அவனுக்கு அதிகம் நரைத்திருக்கிறது, பார்த்ததும் கொஞ்சம் சந்தோஷம்.

"கரையான் அரிச்சிருச்சு" என்றான்.

"அந்த அலமாரி இரும்பு" என்றேன்.

தட்டை மறு கைக்கு மாற்றினான். "கீலுங் கரையான். மழையில வளந்தது" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபின் சண்டையை எங்கே விட்டோம் என்று தேடி எடுக்க முடியவில்லை. பலகாரத்தில் உப்பு அதிகம். தின்றேன்.

அவன் உன் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உன் அஞ்சல் உறை அவன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும்.

22-ஆம் தேதி இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ரயிலில் நாற்காலிக்கும் துணைக்கு வரும் உதவிப்பெண்ணுக்கும் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். கழிப்பறை எங்கே என்று முதலிலேயே சொல்.

அத்தை

*

கீலுங்
மார்ச் 6

என் யுன்ரூவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன், களைப்பு தீர்ந்தது. உன் அம்மாவின் இருமல் குறைந்ததா? உன் அப்பனின் தோள்?

நேரில் சொல்ல வாய் வராதவற்றை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நீ என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

அன்று காலை நான் இறங்கியதை நீ பார்க்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் இயந்திரம் ஒரு முறை முனகிற்று, நானும் முனகினேன். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. யாரையும் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடியிருந்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கான், "மாட்ஸு அம்மன் ஊர்வலம்தான் போ. பட்டாசு ஒண்ணுதான் கொறச்சல்" என்றான். இரண்டாம் மாடி வீட்டுக்காரரின் மருமகள், "அத்தே, ஊர்லேர்ந்து வரும்போது எனக்குச் சிப்பி வாங்கிட்டு வா!" என்றாள். கண்ணைத் திறந்துவிட்டேன். யாரும் பிணத்தைப் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. பயணம் போகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அப்புறம் குளக்கரை. என் கால்தட்டு சுவருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மூக்கு துளைக்கு நேராக வந்தது. இருபது அடியில் அந்தப் பறவைகள்! அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் வீசி வீசி, நெல் அறுப்பது போல. தலைக்குப் பின்னால் மஞ்சள் கொண்டை காற்றில் பிரிந்து நின்றது. நீ முன்னால் வந்து சேற்றில் மண்டியிட்டாய். முதல் வாக்கியம் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த லாரிக்காரர், "பொண்ணு, பறவைக்குத்தான் கேக்கக் கூடாது, எங்களுக்குக் கேக்கலாம்" என்றதும் நீ சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தாய். பிறகு நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. மற்ற மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசினாய். உனக்கு எதிரில் நான் தேவைப்பட்டது முதல் ஐந்து நிமிடம்தான்.

உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நீ பார்க்கவில்லை. உன் அப்பன் மதகைச் சரிபார்க்கப் போவதாகச் சொன்னானே, மதகுக்கு ஒன்றும் இல்லை. அவன் தொலைவில் எதிர்க்கரை ஓரமாகத் தண்ணீரில் மெல்ல மெல்ல நடந்தான். நாலு அடி நடப்பான், நிற்பான். பறவை பறக்காத அளவுக்கு மெல்ல. பொடி மீனெல்லாம் அவன் காலுக்குப் பயந்து எங்கள் பக்கம் ஒதுங்கிற்று. மீனின் பின்னால் பறவைகள். ஒரு மணி நேரம் அந்தக் குளிர்த் தண்ணீரில். கரை ஏறி வந்தவன் என்னிடம், "எத்தன பாத்த?" என்றான். "அறுபத்து மூணு" என்றேன். "அறுபத்து நாலு. ஒண்ணு எனக்குப் பின்னால நின்னுச்சு" என்றான். மூன்று வருடத்துக்கு அப்புறம் நாங்கள் பேசியது அவ்வளவுதான். அது போதும் எங்களுக்கு.

நகரசபையில் சொல்லி வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, இயந்திரத்தை வரவழைத்திருக்கிறேன். இன்று இரண்டாம் முறை. கான் முன்னால் நடக்கிறான். துறைமுக நடைபாதை சமமாகத்தான் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது. அதை அளந்துகொண்டேன், இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். வரும் குளிர்காலத்தில் உன் வேனையும் லாரிக்காரரையும் இங்கே கூட்டிக்கொண்டு வா. கழிப்பறை மீன்சந்தைக்குப் பக்கத்தில், சாய்தளம் உண்டு.

இன்று மழை விட்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலிக்க வலிக்க. பத்தொன்பது பருந்துகள். வயிறெல்லாம் பழுப்பு.

உன்
அத்தை